அம்மாவுக்கெண்டு கட்டின "பராமரிப்புப் பொலிசி" தங்கச்சியின்ர பேரில கிடக்கு, மூண்டாவது வருசக் காசு கட்டுறதோ விடுறதோ?

முரசுமோட்டையான்

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், குறை நினையாதேங்கோ, சுருக்கிச் சொன்னால் விளங்காத விசயம் இது.

அம்மாவுக்கு 68. முரசுமோட்டையில தங்கச்சி குடும்பத்தோட இருக்கிறா. நான் வேலை காரணமா வவுனியாவில, அண்ணா ஜேர்மனியில. ரண்டு வருசத்துக்கு முதல் ஒரு காப்புறுதி ஏஜென்ட் எங்கட பக்கம் வந்து, குழுக்கடன் கூட்டம் நடக்கிற அதே வீட்டு விறாந்தையில வயசுபோன ஆக்களைக் கூப்பிட்டு இருத்தி வச்சுக் கதைச்சிருக்கிறார். "பிள்ளையள் வெளிநாட்டில, நாளைக்குப் படுக்கையில விழுந்தால் ஆர் அள்ளிக் கொட்டுறது, இந்தப் பொலிசி இருந்தால் கம்பனி மாதாமாதம் காசு தரும், சம்பளத்துக்கு ஆள் வச்சுப் பாக்கலாம்" எண்டு. அம்மாவுக்கு அந்தக் கதை நெஞ்சில பட்டிட்டுது. அண்ணாவுக்குப் போன் போட்டுச் சொல்ல அவரும் ஓம் எண்டிட்டார், ஏனெண்டால் அவற்ற சம்பளத்தில பராமரிப்புக் காப்புறுதி எண்டு மாசாமாசம் வெட்டுறவை, அங்க 1995ல இருந்து சட்டப்படி எல்லாரும் கட்டவேணுமாம், ஏலாமல் போனால் வீட்டில வச்சுப் பாக்கிற சொந்தக்காரருக்கே காசு கிடைக்குமாம். அதே சாமான் இங்கயும் வந்திட்டுது எண்டு மனுசன் சந்தோசப்பட்டவர். ஏஜென்டும் வட்ஸ்அப்பில "ஓம் அண்ணை, அங்கத்தைய மாதிரித்தான்" எண்டு சொல்லியிருக்கிறார்.

வருசத்துக்கு 150,000 ரூபாய். ரண்டு தரம் கட்டியாச்சு, அண்ணா அனுப்பின காசு.

போன மாசம் அம்மா கிணத்தடியில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு இப்ப கட்டிலோட. சரி இதுக்குத்தானே பொலிசி எண்டு ஏஜென்டுக்கு எடுத்தால் "பொறுங்கோ பாப்பம்" எண்டார், பிறகு போனே தூக்கிறேல்லை. நான் பொலிசிப் புத்தகத்தை எடுத்து வாசிச்சன், முழுக்க இங்கிலீசு. அதில காப்புறுதி செய்யப்பட்டவர் எண்ட இடத்தில தங்கச்சியின்ர பேர். அம்மாவின்ர பேர் கடைசியில பின்னுரித்தாளர் எண்டு கிடக்கு. அதாவது தங்கச்சி செத்தால் அம்மாவுக்குக் காசு வரும்!! தங்கச்சியைக் கேட்டால் "சாட்சிக் கையெழுத்து எண்டு தானே அக்கம் பக்கத்தில எல்லாரும் வச்சவை, நானும் வச்சனான்" எண்டு அழுகிறாள்.

வாற மாசம் மூண்டாவது தவணை. கட்டாட்டி கட்டின மூண்டு லட்சமும் போயிடும் எண்டு கம்பனிக் கிளையில ஒரு பிள்ளை சொல்லுது. கட்டுறதோ, விடுறதோ? ஆருக்காவது இப்பிடி நடந்திருந்தால் சொல்லுங்கோ.

---

மாங்குளம்_சந்தி

கட்டாதேங்கோ. எல்லாம் கள்ளக் கூட்டம். முதல் குழுக்கடன் எண்டு வந்தவை, பிறகு லீசிங் எண்டு வந்தவை, இப்ப காப்புறுதி. சண்டைக்குப் பிறகு எங்கட சனத்திட்ட மிஞ்சினது வெளிநாட்டுக் காசு ஒண்டுதான், அதையும் மணந்து பிடிச்சு வாறாங்கள்.

---

நெடுங்கேணியான்

சந்தி அண்ணை, அப்பிடி ஒரேயடியாச் சொல்லக்கூடாது. என்ர மச்சான் ஏ9 றோட்டில அடிபட்டுச் செத்தபோது கம்பனிக்காரர் காசு குடுத்தவை, அதிலதான் பிள்ளையள் படிச்சதுகள். காப்புறுதி பிழையில்லை, இந்த ஏஜென்ட் செய்தது பிழை. ரண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதேங்கோ.

---

பழைய_முகவர்

தம்பி முரசுமோட்டை, நான் வவுனியாவில கனகாலம் ஆயுள் காப்புறுதி வித்தனான், இப்ப ஓய்வு. உங்கட கதையில என்ன நடந்திருக்கெண்டு சொல்லுறன்.

அவர் அம்மாவுக்கு வித்ததாச் சொன்ன சாமான் இலங்கையில எனக்குத் தெரிஞ்சு இல்லை. படுக்கையில விழுந்த ஆளைப் பாக்கிறதுக்கெண்டு மாதாமாதம் காசு தாற தனிப் பொலிசி இங்க விக்கிறேல்லை. இருக்கிறது ஆயுள் காப்புறுதி, சேமிப்போட சேர்ந்தது, அதுக்கு மேல ஆஸ்பத்திரியில படுத்தால் நாளுக்கு இவ்வளவு எண்டு ஒரு மேலதிகக் காப்பு, குறிப்பிட்ட பெரிய வருத்தங்களுக்கு ஒரு தொகை. உந்தக் காப்புகளுக்கெல்லாம் வயசு எல்லை இருக்கு. 66 வயசில ஒரு அம்மாவைச் சேர்க்கிறதெண்டால் மெடிக்கல் கேப்பினம், பிரீமியம் எகிறும், கனக்கத் திட்டத்தில எடுக்கவே மாட்டினம். அப்ப கெட்டிக்கார ஏஜென்ட் என்ன செய்வார்? வீட்டில இருக்கிற 40 வயசுப் பிள்ளையின்ர பேரில போமை நிரப்புவார். காசு கிழவியின்ரை, உயிர் மகளின்ரை. கம்பனிக் கம்ப்யூட்டருக்கு எல்லாம் சுத்தமாத் தெரியும்.

ஏன் செய்யினம் எண்டால் கொமிஷன். முதல் வருசத்துக் கொமிஷன்தான் பெரிசு, பிறகு வருசா வருசம் குறைஞ்சு கொண்டு போகும். அதால பழைய பொலிசி உயிரோட இருக்கிறதை விட புதுப் பொலிசி எழுதிறதில ஏஜென்டுக்கு ருசி கூட. மாச முடிவில டார்கெட் எண்டு மேலிடத்தில இருந்து வேற நெருக்குவினம். எல்லாரையும் சொல்லேல்லை, ஊர் ஊரா சைக்கிளில போய் செத்தவீட்டுக்கும் காசு எடுத்துக் குடுத்த நல்ல மனுசரும் இந்தத் தொழிலில இருந்தவை.

புத்தகம் கைக்கு வந்து 21 நாளுக்குள்ள வேண்டாம் எண்டால் திருப்பிக் குடுக்கலாம், மெடிக்கல் செலவு போல சிலதைக் கழிச்சுப்போட்டு மிச்சம் தருவினம். இதை ஏஜென்ட்மார் வாயால சொல்லமாட்டினம். சிலர் புத்தகத்தைத் தங்கட பையிலயே வச்சிருந்து 21 நாளும் கழிஞ்ச பிறகு கொண்டுவந்து குடுக்கிறதும் நடக்கும். உங்களுக்கு எப்ப கிடைச்சது, கையெழுத்து வச்சு எடுத்தியளோ எண்டு பாருங்கோ.

பிறகு புத்தகத்தோட சேர்த்து ஒட்டியிருக்கிற முன்மொழிவுப் படிவத்தின்ர (பொலிசி எடுக்கேக்க நிரப்பிக் குடுத்த போம்) பொட்டோக்கொப்பியைப் பாருங்கோ. இல்லாட்டி கம்பனியிட்ட கேட்டு எடுங்கோ. போன் நம்பர் ஆற்ற நம்பர்? சுகம் பற்றின கேள்விகளுக்கு என்ன எழுதியிருக்கு? இதைப் பாத்துச் சொல்லுங்கோ, பிறகு மூண்டாவது தவணையைப் பற்றிக் கதைப்பம்.

---

முரசுமோட்டையான்

அண்ணை, பாத்திட்டன். போன் நம்பர் ஏஜென்டின்ரை!! அதுதான் கம்பனியில இருந்து எங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் கூட வரேல்லை. சுகம் பற்றின கேள்வி எல்லாத்துக்கும் "இல்லை" எண்டு ஒரே கையால கோடு இழுத்திருக்கு, தங்கச்சிக்குச் சின்ன வயசில இருந்து மூச்சிழுப்பு, கிளினிக் கொப்பி கூட இருக்கு. வருமானம் எண்ட இடத்தில சொந்த வியாபாரம் மாதம் 80,000 எண்டு போட்டிருக்கு, அவள் வீட்டில கோழி வளர்க்கிறதைத் தவிர ஒரு வியாபாரமும் இல்லை. புத்தகம் எப்ப வந்ததெண்டு அம்மாவுக்கு ஞாபகமில்லை, ஏஜென்ட் கொண்டுவந்து தந்ததாம், மழைக் காலமாம்.

---

பழைய_முகவர்

நினைச்சன். இழுப்பை மறைச்சு எழுதினதால நாளைக்குத் தங்கச்சிக்கு ஏதும் நடந்தாலும் கம்பனி "உண்மையை மறைச்சிட்டியள்" எண்டு கையை விரிக்கலாம். கையெழுத்து அவளின்ரை, ஏஜென்டின்ரை இல்லை. ஆக இப்ப நீங்கள் வச்சிருக்கிற பொலிசியால அம்மாவுக்கும் பிரயோசனமில்லை, மகளுக்கும் நிச்சயமில்லை.

எங்கட பக்கத்தில இன்னொரு கரைச்சல் வயசு. இடம்பெயர்வில பிறப்புப் பதிவு துலைஞ்சு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்த சனம் கனக்க. அடையாள அட்டையில ஒண்டு, அந்தச் சான்றிதழில ஒண்டு. ஏஜென்டுக்கு எது வசதியோ அந்த வயசை எழுதிப்போட்டு, காசு கேக்கிற நேரத்தில கம்பனி மற்றதைக் காட்டும். உங்களுக்கு இது இல்லை, வாசிக்கிற மற்ற ஆக்கள் பாத்துக்கொள்ளுங்கோ.

மூண்டாவது தவணை: பொதுவா மூண்டு வருசம் கட்டினாத்தான் சரண்டர் பெறுமதி எண்டு ஒண்டு பிறக்கும், அதாவது பொலிசியை இடையில முறிச்சால் கம்பனி திருப்பித் தாற காசு. கிளையில இருக்கிற பிள்ளை சொன்னது அதைத்தான், பொய்யில்லை. ஆனால் எவ்வளவு பிறக்கும் எண்டு அந்தப் பிள்ளை சொல்லியிருக்காது. முதல் வருசங்களில கட்டின காசில பெரும்பகுதி கொமிஷனுக்கும் செலவுக்கும் போயிடும், திரும்பி வாறது கட்டினதை விட நல்லாக் குறைவு. மூண்டு லட்சத்தைக் காப்பாத்தவெண்டு இன்னும் ஒண்டரை லட்சத்தைப் போட்டு, கையில வாறது அந்த ஒண்டரை லட்சத்தை விடக் குறைவா இருந்தால் என்ன லாபம்? அதால கம்பனியிட்ட எழுத்தில கேளுங்கோ, மூண்டாவது கட்டினால் சரண்டர் பெறுமதி எத்தினை ரூபாய் எண்டு. வாயால சொல்லுற கணக்கு வேண்டாம். தவணை நாள் தாண்டினாலும் பொதுவா 30 நாள் சலுகை இருக்கும், அவசரப்படுத்தினால் அவசரப்படாதேங்கோ.

ஆனால் உங்கட விசயத்தில சரண்டர் கதைக்கு முதல் முறைப்பாடு. இது வித்ததே பொய் சொல்லி எண்டு.

---

ஜெர்சி_அக்கா

நான் முள்ளியவளை, இப்ப நியூ ஜெர்சியில முதியோர் இல்லமொண்டில வேலை. உங்கட அண்ணா ஜேர்மனியை வச்சு ஏமாந்தவர், அமெரிக்காவில நிஜமாவே இந்தப் பொலிசி இருக்கு, அதிலயும் சனம் ஏமாந்திருக்கு, அந்தக் கதை உங்களுக்கு உதவும் எண்டு எழுதிறன்.

இங்க 65 தாண்டின ஆக்களுக்கு மெடிக்கெயார் எண்டு அரசாங்கக் காப்புறுதி. ஆனால் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, மாசக்கணக்கில பாக்கிற செலவை அது தராது. இது தெரியாத சனம்தான் கனக்க, அந்தப் பயத்தில ஏஜென்ட்மார் ஏறி இருப்பினம். 80களில வித்த பொலிசியள்ள ஒரு சின்ன எழுத்து இருந்தது, முதல் மூண்டு நாள் ஆஸ்பத்திரியில படுத்திருந்தால்தான் முதியோர் இல்லக் காசு தருவம் எண்டு. மறதி வருத்தக்காரர் ஆஸ்பத்திரியில படுத்துப்போட்டே இல்லத்துக்கு வருகினம்? நேர வீட்டில இருந்துதான் வருகினம். அதால கட்டின காசு அவ்வளவும் வீண். பிறகுதான் மாநிலம் மாநிலமா அந்த நிபந்தனையைத் தடுத்தவை. மெடிக்கெயாருக்குத் துணையா விக்கிற பொலிசியிலயும் ஒரே கிழவிக்கு ரண்டு மூண்டு எண்டு வித்துத் தள்ளி, 1990ல சட்டம் போட்டு அதை நிப்பாட்டினவை.

இப்ப வித்தாலும் எல்லாப் படுக்கைக்கும் காசு வராது. குளிக்கிறது, உடுக்கிறது, சாப்பிடுறது, கக்கூசுக்குப் போறது, கட்டிலால எழும்பிக் கதிரைக்கு மாறுறது, மலசலம் அடக்கிறது, இந்த ஆறில ரண்டு ஏலாது எண்டு எழுதிக் குடுக்கவேணும், இல்லாட்டி மோசமான மறதி. அதுவும் கனக்கப் பொலிசியில முதல் 90 நாள் செலவு உங்கட கையால. உங்கட அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு, மூண்டு மாசத்தில எழும்பி நடந்தால் இங்கத்தைப் பொலிசியே ஒரு சதமும் தந்திராது. இதைத்தான் நான் சொல்ல வந்தது, "பராமரிப்பு" எண்ட வார்த்தை ஏஜென்டின்ர வாயில ஒண்டு, பேப்பரில இன்னொண்டு.

பிறகு விலை. சனம் இடையில கட்டாமல் விட்டிடும் எண்டு கணக்குப் போட்டு மலிவா வித்த கம்பனியள், சனம் விடாமல் கட்டிக்கொண்டே வர, வட்டி வீதமும் விழ, 80 வயசுக் காரரிட்ட பிரீமியத்தைக் கூட்டிக் கூட்டி வாங்கத் தொடங்கினவை. பென் ட்ரீட்டி எண்ட பென்சில்வேனியாக் கம்பனி அப்பிடியே விழுந்து 2017ல கோட்டு அதை மூடச் சொல்லித் தீர்ப்பு, 70 ஆயிரத்துக்கு மேல பொலிசிக்காரர்.

ஒரு நல்ல விசயமும் சொல்லவேணும். பொலிசி எழுதேக்க இன்னொரு ஆளின்ர பேரையும் குடுக்கலாம், காசு கட்டத் தவறினால் கம்பனி அந்த ஆளுக்கும் கடிதம் போடும். மறதியால கட்டாமல் விட்டிருந்தால் அஞ்சு மாசத்துக்குள்ள அதை நிரூபிச்சுப் பொலிசியைத் திருப்பி எடுக்கலாம். உங்கட ஊரில அந்த இரண்டாவது ஆளின்ர இடத்தில ஏஜென்டே தன்ர நம்பரைப் போட்டிருக்கிறார், அதை வாசிக்க எனக்கு வயிறு எரிஞ்சுது.

---

மாங்குளம்_சந்தி

ஜெர்சி அக்கா, அமெரிக்காவிலயே இந்தக் கதியெண்டால் இங்க கேக்கவே வேணும். நான் முதலே சொன்னனான்.

---

ஜெர்சி_அக்கா

தம்பி, இங்கயும் இருக்கிற சட்டமெல்லாம் ஆரோ முறைப்பாடு எழுதினதாலதான் வந்தது. கட்டாமல் விட்டிட்டுப் பேசாமல் இருந்தால் அந்த ஏஜென்ட் அடுத்த ஊருக்குப் போவார், அவ்வளவுதான்.

---

டி_எஸ்_ஒபிஸ்_பக்கம்

நான் ஒரு பிரதேச செயலகத்தில வேலை, எந்த ஊர் எண்டு கேக்காதேங்கோ. முதியோர் சங்கக் கூட்டங்களுக்கு இந்த ஏஜென்ட்மார் "ஒரு பத்து நிமிசம் கதைக்க விடுங்கோ" எண்டு வாறது நாங்களும் கண்டனாங்கள். தேத்தண்ணியும் பணிசும் அவையின்ர செலவு. சங்கத் தலைவர்மார் மரியாதைக்கு விட்டிடுவினம், சனம் உடனே இது அரசாங்கத் திட்டம் எண்டு நினைக்குது, ஏனெண்டால் எங்கட ஆக்களும் அங்க கதிரையில இருப்பினம். இதைத் தலைவர்மார் நிப்பாட்டவேணும்.

இன்னொரு காரணமும் இருக்கு. 60 தாண்டின ஆக்களுக்கு பாங்கில 15 வீத வட்டி எண்டு 2015ல வந்த திட்டம் 2022ல நிண்டுபோச்சு. அந்த வட்டியில மருந்து வாங்கின வயசு போன ஆக்கள் பிறகு வேற வழி தேடினதுகள், அந்த நேரம் பாத்துத்தான் "வட்டியும் வரும் காப்பும் வரும்" எண்டு ஏஜென்ட்மார் நிலையான வைப்பை உடைக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவை.

அம்மாவைப் பாக்கிற செலவுக்கு அரசாங்கத்தில பெரிசா ஒண்டும் இல்லை, உண்மையைச் சொல்லுறன். 70 வயசுக்கு மேல முதியோர் கொடுப்பனவு, அது வருமானம் பாத்துத்தான், அம்மாவுக்கு இன்னும் வயசு வரேல்லை. சக்கர நாற்காலி, கக்கூசுக் கதிரை மாதிரிச் சாமானுகளுக்கு உங்கட ஜீ.எஸ் (கிராம சேவகர்) மூலமா சமூக சேவை உத்தியோகத்தரிட்ட விண்ணப்பம் குடுங்கோ, இருந்தால் தருவினம். அதுக்கு முதல் அம்மாவின்ர முதியோர் அடையாள அட்டை இருக்கோ எண்டு பாருங்கோ, 60 தாண்டினால் எடுக்கலாம்.

---

பழைய_முகவர்

முறைப்பாடு எப்பிடி எண்டு ரண்டு பேர் இன்பொக்சில கேட்டிருக்கினம், இங்கயே எழுதிறன். முதல் கம்பனியின்ர தலைமை ஒபிசுக்கு, கிளைக்கு இல்லை, கிளை மனேஜருக்கும் அந்த விற்பனையில பங்கு இருக்கும். தமிழிலயே எழுதுங்கோ, பதிவுத் தபாலில போடுங்கோ, ரிசீற்றைக் கவனமா வையுங்கோ. கடிதத்தில கோவத்தைக் கொட்டாமல் நடந்ததைச் சொல்லுங்கோ: ஆருக்கெண்டு வித்தது, ஆற்ற பேரில எழுதினது, போன் நம்பர் ஆற்றை, இழுப்பு இருக்கிறதை எழுதேல்லை, வருமானம் பொய். அண்ணாவுக்கு ஏஜென்ட் அனுப்பின வட்ஸ்அப் இருக்குத்தானே, "அங்கத்தைய மாதிரித்தான்" எண்டது, அது தங்கம், வொய்ஸ் மெசேஜ் எண்டால் அழியவிடாதேங்கோ, அண்ணாவைத் தன்ர போனிலயே வச்சிருக்கச் சொல்லுங்கோ. கேக்கிறது என்ன எண்டும் தெளிவா எழுதுங்கோ, பொலிசியைத் தொடக்கத்தில இருந்தே ரத்துச் செய்து கட்டின காசு முழுதையும் தரச்சொல்லி. முழுதும் வரும் எண்டு நான் வாக்குத் தரமாட்டன், ஆனால் ரத்து எண்டு கேக்கிறதும் சரண்டர் எண்டு கேக்கிறதும் வேற வேற. சரண்டர் போமில கையெழுத்து வச்சால் பொலிசி சரியாத்தான் வித்தது எண்டு நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரிப் போயிடும்.

கம்பனி மறுத்தால் கொழும்பில காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கு, 2000ம் ஆண்டின் 43ம் இலக்கச் சட்டத்தில வந்தது, முதல் காப்புறுதிச் சபை எண்டு சொன்னவை. ஏஜென்டின்ர நடத்தையைப் பற்றி அங்க எழுதலாம். காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் (கம்பனிக்கும் சனத்துக்கும் இடையில முறைப்பாட்டை விசாரிக்கிற ஆள்) இருக்கிறார், அவருக்குக் காசு கட்டத் தேவையில்லை, ஆனால் முதல் கம்பனிக்கு எழுதிப் பதில் கேட்டிருக்கவேணும், அதனாலதான் முதல் கடிதம் தலைமை ஒபிசுக்கு எண்டு சொன்னது.

---

முரசுமோட்டையான்

எல்லாருக்கும் நன்றி. கடிதம் எழுதி நேற்றுக் கிளிநொச்சித் தபால் கந்தோரில போட்டாச்சு, அண்ணா வொய்ஸ் மெசேஜை எனக்கும் அனுப்பிட்டார், தெளிவாக் கேக்குது. தங்கச்சியின்ர நம்பரை மாத்தச் சொல்லியும் தனியா ஒரு கடிதம். மூண்டாவது தவணை இப்போதைக்குக் கட்டேல்லை, பெறுமதி எவ்வளவு எண்டு எழுத்தில வரட்டும்.

பகிடி என்னெண்டால் இவ்வளவு நாளும் போன் தூக்காத ஏஜென்ட் இண்டைக்குப் பின்னேரம் தானா எடுக்கிறார். "ஏன் தம்பி கடிதம் கிடிதமெல்லாம், இந்தப் பொலிசியை விடுங்கோ, இதைவிட நல்ல திட்டம் ஒண்டு வந்திருக்கு, கட்டின காசை அதுக்கு மாத்திவிடுறன், நாளைக்கு வீட்ட வாறன், தங்கச்சியை நிக்கச் சொல்லுங்கோ" எண்டு. கடிதம் கம்பனிக்குப் போய்ச் சேர முதல் இவருக்கு எப்பிடித் தெரியும்? கிளையில நம்பர் மாத்தக் குடுத்த கடிதத்தாலதான் இருக்கும்.

---

பழைய_முகவர்

மாத்திறது எண்டு ஒண்டும் இல்லைத் தம்பி. பழையது அப்பிடியே செத்துப்போகும், புதிசு முதலாம் வருசத்தில இருந்து தொடங்கும், அவருக்கு மறுபடி முதல் வருசக் கொமிஷன். தங்கச்சியிட்டச் சொல்லுங்கோ, நாளைக்கு வெறும் பேப்பரிலயும் கையெழுத்து வைக்கவேண்டாம் எண்டு. "எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை" எண்டு ஒரு கடிதத்தை எழுதிக்கொண்டு வந்து நீட்டக்கூடும், அதைத்தான் முதல் தேடி வருவார். நீங்கள் நிக்கிற நாளாப் பாத்து வரச் சொல்லுங்கோ, சொல்ல வாற திட்டத்தை வட்ஸ்அப்பில எழுதி அனுப்பச் சொல்லுங்கோ. எழுதி அனுப்பமாட்டார், அனுப்பினால் அதையும் ரண்டாவது கடிதத்தோட சேர்த்துப் போடுங்கோ.